புயலின் கண்ணுக்குள் இருந்த ஊர்

புயலின் முதல் பாதி வந்து கூரைகளையெல்லாம் வாரிக்கொண்டு போன பிறகு, கூனித்தீவு ஜனங்கள் மாதா கோவிலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது பாதிக்காகக் காத்திருந்தார்கள். நடுவில் காற்று ஓய்ந்து வெயில் அடிக்கும், அந்த வெயிலை நம்பி வெளியே போனால் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்துக் கொன்றுவிடும் என்பது தெரிந்தவர்கள் ஆகையால், பிள்ளைகள் அழுதும் ஆடுகள் கத்தியும் யாரும் தாழ்ப்பாளைத் தொடவில்லை; ஜன்னல் இடுக்கு வழியாக வந்த வெயில் பீடத்தின் மேல் ஏறி, சுவரில் ஊர்ந்து, அணைந்துபோனது; மறுநாளும் அதே வெயில் வந்தது; இரண்டாவது பாதி வரவில்லை. குடிதண்ணீர் தீர்ந்தபோது, சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் சொல்லிவைக்கும் உபதேசியார் பிரகாசியார் கதவைத் திறந்து வெளியே போனார். பார்த்துவிட்டு வந்து, "காத்து நின்னுட்டுது," என்றார்.

"ஓஞ்சிட்டுதா?"

"ஓயல. நின்னுட்டுது. நாம அதோட கண்ணுக்குள்ள இருக்கோம். சுத்தி மதில் நிக்குது."

மதில் என்றே அன்றிலிருந்து எல்லாரும் சொன்னார்கள். தீவின் எந்தக் கரையில் நின்று பார்த்தாலும், வள்ளம் ஓடி எட்டிவிடும் தூரத்தில், கடலிலிருந்து வானம்வரை சாம்பல் நிற மேகச்சுவர் ஒன்று வட்டமாக நின்று சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே இலை அசையவில்லை, அங்கே இரைச்சல் ஓயவில்லை, தலைக்கு மேல் மட்டும் கிணற்று வாய் அளவுக்கு நீலம். ஏன் நின்றது என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது, கிணற்றில் விழுந்த தென்னையை எடுக்க வேண்டியிருந்தது, ஆகவே அந்தக் கேள்வி ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

சூரியன் உச்சியை நெருங்கும்போதுதான் மதிலுக்கு மேலே தலைகாட்டும், கொஞ்சம் சாய்ந்ததும் மறைந்துவிடும் என்பதால், கருவாடு காயப்போடுவதும் துணி துவைப்பதும் சண்டை போடுவதும் அந்தக் கைப்பிடி வெயிலுக்குள்ளேயே நடந்தன. இரைச்சலை மீறிப் பேசிப் பேசி எல்லார் குரலும் தடித்துப்போய், ஊரில் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனது. காற்றுக்குள் மாட்டிக்கொண்ட ஆலாக்களும் கடற்புறாக்களும், எந்தச் சமுத்திரத்திலிருந்து வந்தன என்று தெரியாத நெடுஞ்சிறகுப் பறவைகளும் கூரையில்லாத வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்தன. பெண்கள் முதல் வாரம் அவற்றை விரட்டினார்கள், அடுத்த வாரம் திட்டினார்கள், அதற்குப் பிறகு அவை உட்கார்ந்திருக்கும் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்கினார்கள். மீன்களும் மாட்டிக்கொண்டிருந்ததால் வலை வெறுமனே வரவில்லை. அரிசிதான் இறங்கிக்கொண்டே போனது.

மதிலைத் துளைத்துப் போய்விடலாம் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு வள்ளத்தில் போனார்கள். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது, பெயிண்ட் ஒரு பொட்டு இல்லாமல், எழுதியிருந்த பெயர் இல்லாமல், நேற்றுச் செதுக்கிய மரம் போல வெளுத்து. அவர்களுடைய அம்மா அந்த வெள்ளை மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை.

ஜெபத்தில்தான் பெரிய சிக்கல் வந்தது. காற்று போக வேண்டும் என்று கேட்கலாம் என்றால், அது போகிற வழியில் மேற்கே கரை ஊரான பாசித்துறை இருந்தது; தீவில் பாசித்துறைக்குப் பெண் கொடுக்காத வீடு இல்லை, அங்கே பிள்ளையைப் படிக்க விடாத வீடும் இல்லை. நிற்கட்டும் என்று கேட்கலாம் என்றால், இங்கே எத்தனை நாள் கிடப்பது? கோவிலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து உரக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் பிரகாசியார், "நான் வாயத் திறந்து எதையும் கேக்கப் போறதில்ல. முட்டி போடுங்க, அவ்வளவுதான்," என்றார். அன்றிலிருந்து கூனித்தீவில் எதையும் கேட்காத ஜெபம் நடந்தது.

சலேத்மேரி அந்த இரண்டு கட்சியிலும் சேரவில்லை. வலை பின்னுவதில் ஊரிலேயே கை வேகமானவள், வாய் அதைவிட வேகம், புருஷன் இக்னாசி அவள் பேசி முடிக்கும்வரை பேசாமலிருந்து பழகியவன். அவளுக்குப் பாசித்துறையில் அமலி என்று ஒரு தங்கச்சி இருந்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கதிரவேலை, சொந்தக்காரர்கள் சொல்லியும் கேட்காமல், கோவிலில் இல்லாமல் பதிவு ஆபீசில் வைத்துக் கட்டிக்கொண்டாள் என்று, சலேத் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. பிறகு அமலி வந்து வாசலில் நின்றபோது கதவைத் திறக்கவில்லை. அப்படியே ஒன்பது வருஷம் போயிருந்தது.

பாசித்துறையின் சின்ன ரேடியோ நிலையம் தினமும் சாயங்காலம் தீவுக்காக ஒரு நிகழ்ச்சி வைத்தது. டவர் விழுந்துவிட்டதால் தீவிலிருந்து யாரும் பதில் சொல்ல முடியாது, ஆனால் கரையிலிருப்பவர்கள் போய் மைக்கில் பேசலாம். மீனவர் சங்கத்து ரேடியோ ஒன்றுதான் பிழைத்திருந்தது. அதைக் கோவில் முற்றத்தில் வைத்து ஊரே சுற்றி உட்காரும். எல்லாரும் நல்லாயிருக்கியளா, நாங்க நல்லாயிருக்கோம் என்று அழுதுவிட்டுப் போன ஒரு சாயங்காலம், அழாத குரல் ஒன்று வந்தது.

"கூனித்தீவு சலேத்மேரிக்கு. அக்கா, நான் அமலி பேசுதேன். நீ இப்ப எந்திரிச்சுப் போவன்னு தெரியும். போ. எங்க போவ? அந்தத் தீவு முழுக்கக் கேக்கும்லா."

சலேத் எழுந்துதான் போனாள். ஆனால் குரலைத் தடுக்கக் கூரைகூட இல்லாத வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அமலி மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். ஒன்பது வருஷத்தில் சொல்ல முடியாததையெல்லாம் வரிசையில்லாமல் சொன்னாள்: கதிரவேல் முதன்முதலாக மீன் குழம்பு வைத்துக் கடுகைக் கருக்கினது, இறால் கம்பெனியில் ஐஸில் நின்று நின்று கால் விரல் மரத்துப்போனது, பிள்ளை தங்காமல் போன இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் அவன் தரையில் படுத்துக் கிடந்தது, அப்போது அக்காவுக்குச் சொல்லியனுப்பவா என்று அவன் கேட்டது, வேண்டாம் என்று இவள் சொன்னது. தீவே அந்தக் கதைக்குக் காத்திருக்க ஆரம்பித்தது. கதிரவேலை ஒருமுறையும் பார்க்காதவர்கள் அவனைப் பற்றித் தங்கள் வீட்டு மருமகன் போலப் பேசினார்கள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி சலேத்தை நிறுத்தி, "ஏட்டி, அந்தக் கதவத்தான் நீ தொறந்திருக்கலாமே," என்றாள். சலேத் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். இக்னாசி போய் எடுத்துவந்தான்.

இப்படி இருக்கும்போது மதில் நைய ஆரம்பித்தது.

முதலில் இரைச்சல் குறைந்தது. ஜனங்கள் வழக்கம்போலக் கத்திப் பேசி, தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே திடுக்கிட்டார்கள். பிறகு சுவரில் அங்கங்கே வெளிச்சம் கசிந்தது, கந்தல் துணி கிழிவதுபோல அது கிழிந்து கிழிந்து தொங்கியது, வெயில் முன்னைவிடச் சீக்கிரம் வந்து நேரம் கழித்துப் போனது. ஊரே கூத்தாடியது. ஒளித்துவைத்த அரிசியை எடுத்துப் பொங்கியவர்களும் உண்டு. சாயங்காலம் ரேடியோவும் சொன்னது: புயலின் வேகம் குறைந்திருக்கிறது. அதன் பிறகு, உட்பகுதி கலைந்து வெளியே புதிய வளையம் உருவாகிறது, மறுபடி வலுக்கலாம், முகாம்களில் உள்ளவர்கள் வீடு திரும்ப வேண்டாம் என்றும் சொன்னது. ஆனால் முதல் வாக்கியத்திலேயே கை தட்டல் எழுந்து மீதியை மூடிவிட்டது. பாசித்துறையிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மறுநாள் உச்சிவெயிலில் அந்தக் கந்தலும் உதிர்ந்தது. அதற்குப் பின்னால், இன்னும் தூரத்தில், பழைய மதிலைவிட உயரமாகவும் தடியாகவும், மை கரைத்த நிறத்தில் இன்னொரு மதில் நின்றது. ஓட்டை ஒடிசல் எதுவும் இல்லை. சத்தமும் இல்லை, அவ்வளவு தூரம். பொங்கிய சோறு பானையில் இருக்க, ஜனங்கள் கரையில் நின்று அதைப் பார்த்தார்கள்.

"சிறை பெருசாயிருக்கு," என்றான் இக்னாசி.

"பெருசாயில்ல," என்றாள் சலேத். "நல்லாப் பாரு. கிட்ட வருது."

அவள் சொன்னது சரி. புது மதில் எல்லாப் பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நெருங்கியது. நெருங்க நெருங்க அதன் சுழற்சி வேகம் பிடித்தது. பழைய இரைச்சல் திரும்ப வந்து, அதையும் தாண்டி, தரையில் வைத்த பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கும் அளவுக்குப் போனது. பறவைகள் எழுந்து கோவிலை வட்டமிட்டுவிட்டு மறுபடி இறங்கின. அன்று சாயங்காலம் அமலி வந்தாள்.

"அக்கா, காத்து வலுவிழந்துட்டுதாம். ஸ்கூல் பெஞ்சுல எத்தன நாள் படுக்க. பாதிப் பேரு ஏற்கனவே போயிட்டாவ. நாளைக்கு நாங்களும் கடக்கரை வீட்டுக்குப் போறோம். அடுப்படியில எலி புகுந்திருக்கும். அவருக்கும் ஆட்டோவ எடுக்கணும். நீயும் சீக்கிரம் வெளியே வந்துருவ. வந்து கதவச் சாத்திக்கோ, பரவாயில்ல."

"போகாதட்டி!" என்று சலேத் கத்தினாள்.

அன்று அவள் எழுந்து போகாமல் முற்றத்திலேயே இருந்தாள். ரேடியோவில் வேறு யாரோ பேச ஆரம்பித்திருந்தார்கள். சலேத் எழுந்து வந்து பெட்டியைக் கையில் தூக்கி, அதன் துளைகளில் வாயை வைத்து, "அமலி, போகாத! வலுவிழக்கல, பாம்பு மாதிரி சட்டய மாத்துது! அமலி!" என்று கத்தினாள். ஒன்பது வருஷத்தில் தங்கச்சியிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. தீவு முழுக்கக் கேட்டது, தீவுக்கு வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை. இக்னாசி வந்து ரேடியோவை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தான்.

விடிந்தபோது கிழக்குக் கரையைக் காணவில்லை. அங்கே மதில் நின்றது. தென்னைகள் அதற்குள் போவதும் மறைவதுமாக இருந்தன. மேற்கே மதில் அந்த அளவுக்குத் தள்ளிப் போயிருந்தது. நின்ற காற்று நடக்கத் தொடங்கிவிட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது. நடந்தால் கண் பாசித்துறைக்குப் போகும், கிழக்கு மதில் இந்தத் தீவின் மேல் ஏறும்.

"அதோட போயிருவோம்," என்றாள் சலேத்.

"எதோட?"

"கண்ணோட. அது நடக்குற வேகந்தானே நடக்குது. எஞ்சின் இருக்கு, கயிறு இருக்கு. நடுவுலயே போவோம். அது கரையேறயில நாமளும் ஏறுவோம்."

இப்படி ஒரு யோசனையை வேறு எந்த ஊரிலும் கேட்டுச் சிரித்திருப்பார்கள். ஆனால் புயலுக்குள் பிள்ளை பெற்று, புயலுக்குள் துணி காயப்போட்டுப் பழகியவர்கள் ஆகையால், கூனித்தீவுக்காரர்கள் யார் வள்ளத்தில் யார் ஏறுவது என்று மட்டும் கொஞ்சம் சண்டை போட்டார்கள். நடக்க முடியாதவர்களையும் வரமாட்டேன் என்றவர்களையும் வைத்துக்கொண்டு பிரகாசியார் கோவிலிலேயே தங்கினார். "கும்பிட்டுட்டுப் போங்க," என்றார், "இப்பவும் எதையும் கேக்காதிங்க." மாதா சுரூபத்தை மட்டும் ஒரு வள்ளத்தில் ஏற்றி, நனையாமல் தார்ப்பாய் சுற்றினார்கள்.

வள்ளங்களை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்துக்கொண்டு, பெட்டிகளும் ஆடுகளும் கைக்குழந்தைகளும் வள்ளத்து மூக்கான அணியத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட பறவைகளுமாக, ஊர் மேற்கே கிளம்பியது. அலை ஒரு பக்கமிருந்து வரவில்லை, நாலா பக்கமிருந்தும் வந்து நடுவில் முட்டி எழும்பியது. வள்ளங்கள் குதித்தன, ஆட்கள் வாந்தியெடுத்தார்கள், கயிறு அறுந்தால் மறுபடி கட்டினார்கள். பின்னால் கிழக்கு மதில் தீவைக் கோவிலோடு மூடியது. அதைப் பார்க்காதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே எல்லாரும் பார்த்தார்கள். முன்னால் மேற்கு மதில் போனது. அது பாசித்துறையைத் தொட்ட நேரம் எல்லாருக்கும் தெரிந்தது, ஏனென்றால் அதன் நிறம் மண்ணாக மாறியது.

அதற்குப் பிறகு மதில் தான் பிடுங்கியவற்றையெல்லாம் கண்ணுக்குள் துப்ப ஆரம்பித்தது. தகரங்கள் வந்தன, கதவுகள் வந்தன, பிளாஸ்டிக் குடங்கள், ஒரு புத்தகப்பை, ஒரு பெயர்ப்பலகை, யாருடைய வீட்டிலோ கழற்றி வைத்த ஊஞ்சல் பலகை. சலேத் அணியத்தில் குனிந்து, மிதந்து வந்த ஒவ்வொரு சேலையையும் கொம்பால் இழுத்து எடுத்துப் பார்த்தாள். ஒன்பது வருஷமாகத் தங்கச்சியைப் பார்க்காதவள், எது அவள் சேலை, எது இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? எல்லாவற்றையும் மடித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இதைவிட வேகமாகப் போக முடியாது. போனால் முன்மதில் அடிக்கும். மெதுவாகவும் போக முடியாது, பின்மதில் வந்துவிடும். காற்று எந்த வேகத்தில் அவள் தங்கச்சி வீட்டை இடித்ததோ, அதே வேகத்தில்தான் அவளும் அந்த வீட்டுக்குப் போனாள்.

உச்சிவெயில் அடிக்கும்போது வள்ளங்கள் கடற்கரையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருவுக்குள் வந்தன. பாசித்துறை ஜனங்கள் வெளியே நின்றார்கள். பிழைத்துவிட்ட சிரிப்போடு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு, மிதக்கும் பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டு இருந்தார்கள்.

"உள்ள போங்க! பாதிதான் முடிஞ்சிருக்கு!" என்று தீவுக்காரர்கள் வள்ளத்தில் நின்றே கத்தினார்கள்.

"எங்களுக்கும் தெரியும்," என்று ஒருவர் பதில் சொன்னார். "கண்ணுதானே. உங்க ஊர்ல நின்ன மாதிரி இங்கயும் நிக்கும். பழகிக்குவோம்."

மாதா சுரூபம் இருந்த வள்ளத்திலிருந்த ஒரு பெண் கையை நீட்டிக் கடலைக் காட்டினாள். அந்த மனிதர் பார்த்தார். மதில் கரைக்கு வந்துகொண்டிருந்தது. பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மெயின் ரோட்டில் கல்யாண மண்டபத்தின் மாடி ஒன்றுதான் காங்கிரீட்டில் நின்றது, ஊர் மொத்தமும் அங்கே ஓடியது.

அமலி வீட்டுக்குக் கூரையும் ஒரு சுவரும் இல்லை. மிச்ச மூன்று சுவருக்குள் நின்று அவள் வாளியால் சேற்றுத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. வள்ளம் நேராக அடுப்படிக்குள் வந்து முட்டியபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏறுட்டி," என்றாள் சலேத்.

அமலி வாளியை விடவில்லை. "அவரு ஆட்டோவப் பாக்கப் போயிருக்காரு. அவரு வராம நான் வரமாட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"டாங்கி பக்கம். அக்கா..."

"அத்தான் உன்ன மண்டபத்துல விடுவாரு. நான் கூட்டியாறேன்."

இக்னாசி வாயைத் திறந்தான். சலேத் ஏற்கனவே தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த வேப்பமரத்துக்கு அடியில் ஆட்டோ இருந்தது. ஒல்லியாக ஒருவன் கழுத்துவரை தண்ணீருக்குள் குனிந்து நின்று, கிளையைத் தோளால் முட்டிமுட்டித் தூக்கப் பார்த்தான். தூரத்தில் தகரங்கள் மறுபடி பாட ஆரம்பித்திருந்தன. சலேத்துக்கு அவனைப் பார்த்ததும் தெரிந்தது. ரேடியோ கேட்ட யாருக்கும் தெரிந்திருக்கும்.

"தம்பி, விட்டுட்டு வாங்க!"

அவன் திரும்பிப் பார்த்தான். வேறு யாரையாவது கூப்பிடுகிறாளோ என்று பின்னாலும் பார்த்தான். "யாரு நீங்க?"

"அமலியோட அக்கா."

"மதினியா?" என்றான். கை இன்னும் கிளையில் இருந்தது. "ஒரு நிமிஷம் மதினி, இத மட்டும்..."

"அவ நீங்க வராம உள்ள போகமாட்டா. அவ போகலன்னா நானும் போகமாட்டேன். உங்க ஆட்டோவுக்காக மூணு பேரு சாகணுமா? வாங்கன்னா வாங்க!"

கதிரவேல் கிளையை விட்டான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். மண்டபத்துப் படி வரும்வரை விடவில்லை. அவர்கள் ஏறிய பிறகு கதவைச் சாத்த நாலு ஆட்கள் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். காற்று பாசித்துறையைத் தாண்டி உள்நாட்டில் போய், பனங்காடுகளுக்கு மேல் வெறும் மழையாக அழுது தீர்ந்தது. கடற்கரைத் தெரு ஒன்றும் மிஞ்சவில்லை. மண்டபத்துக்கு வராத சிலர் கிடைக்கவேயில்லை. கூனித்தீவில் கோவில் கூரை போயிருந்தது, பிரகாசியாரும் கூட இருந்தவர்களும் பீடத்துக்கு அடியில் உயிரோடு இருந்தார்கள், அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கால் உடைந்திருந்தது. ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம் யாருக்கும் எதுவும் தெரியாது. பின்மதில் மண்டபத்தின் மேல் ஏறியது, ஜன்னல்களில் பகல் அணைந்தது, இரண்டு ஊர் ஜனங்களும் ஒரே மாடியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, சுவரின் நடுக்கம் முதுகில் தெரிய உட்கார்ந்திருந்தார்கள். சலேத்துக்கு ஒரு பக்கம் இக்னாசி, ஒரு பக்கம் அமலி, அமலியை அணைத்தபடி கதிரவேல்.

கீழே தூண்களில் கட்டியிருந்த வள்ளங்கள் உடைய ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உடைந்தது. வெட்டிய மரம் வேறு, தச்சன் கை வேறு, ஓடிய வருஷம் வேறு. தீவுக்காரர்களுக்கு அந்தச் சத்தங்கள் தெரியும். ஒன்று உடையும்போது ஒரு மூலையிலிருந்து ஒருவர் தலையைக் குனிவார். அடுத்தது உடையும், வேறொரு மூலையில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். யாரும் பெயர் சொல்லவில்லை. அப்படி எத்தனையோ உடைந்த பிறகு, நெடிதாக, முறுக்கிப் பிழிவதுபோல ஒரு சத்தம் வந்தது. இக்னாசி கண்ணை மூடிக்கொண்டான்.

கதிரவேல் அமலியின் தலைக்கு மேல் குனிந்து சலேத்தின் காதருகே வந்து கேட்டான்: "மதினி, இப்ப உடைஞ்சது யாரோட வள்ளம்?"

சலேத் கண் மூடியிருந்த இக்னாசியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்மளது," என்றாள்.